போய்விட்டு வரும் அணி

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோவில் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எந்தப் பிள்ளையாவது எழுந்திருக்குமா? ரெனிஷா எழுந்துவிடுவாள். அவள் தம்பி ஆலனும் எழுந்துவிடுவான். பக்கத்து வீட்டு தீபக், பல் துலக்கினானோ இல்லையோ, பச்சை ஜெர்சியோடு வந்து மணியை அடிப்பான். இங்கிலாந்தில் அப்போது மதியம். பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டம் தொடங்கும் நேரம்.

அம்மா ஜூடித் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "டிவி பாருங்க. ஆனா என்ன நடந்துச்சுன்னு ரெனிஷா தமிழ்ல எழுதணும்."

அப்படியே ஒரு நோட்டு நிறைந்துவிட்டது.

சீசன் முடிந்த மறு சனிக்கிழமை மூவரும் பூரி சாப்பிட்டபடி உட்கார்ந்திருக்க, ரெனிஷா நோட்டை முதலிலிருந்து வாசித்தாள். ஆலனின் அணிதான் சாம்பியன். அவன் நாற்காலியில் ஏறி ஆடினான். அந்தச் சாம்பியனையே ஜனவரியில் தீபக்கின் அணி ஒரு கோலில் தோற்கடித்த பக்கம் வந்ததும் தீபக் ஆடினான்.

கடைசிப் பக்கம் வந்தது. இருபது அணிகளில் கடைசி மூன்றும் கீழ் லீகுக்கு இறங்க வேண்டும். பாவம், தீபக்கின் அணியும் அதில் ஒன்று.

ரெனிஷா வாசித்தாள். "தீபக்கின் அணி போய்விட்டது."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "அடியே, வெறுமனே போயிடுச்சுன்னு எழுதினா, உயிரே போயிட்ட மாதிரி இருக்கு!"

ஆலனுக்கு அது போதாதா? "ரெஸ்ட் இன் பீஸ், க்ரீன் டீம்!" என்று பூரிக்கு மேல் சிலுவை போட்டான்.

தீபக் சிரிக்கவில்லை. பாதிப் பூரியை வைத்துவிட்டு எழுந்தான். "நான் போறேன்."

"போறேன்னு சொல்லக் கூடாதுப்பா. போயிட்டு வரேன்னு சொல்லணும்," என்றார் அம்மா.

"இல்ல ஆன்ட்டி, வர மாட்டேன். நெக்ஸ்ட் சீசன் எங்க டீமே இந்த லீக்ல இல்ல. நான் எதுக்கு வரணும்?"

கதவு சாத்திக்கொண்டது. தீபக் இல்லாமல் என்ன சனிக்கிழமை! அதுவும் ரெனிஷா எழுதிய வரியால் அல்லவா போகிறான்?

அம்மா சொன்னது அவள் காதிலேயே நின்றது. சட்டென்று பென்சிலை எடுத்து எதையோ திருத்தினாள். நோட்டோடு வெளியே ஓடினாள்.

தீபக் தன் வீட்டு கராஜ் வாசலில் உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"சாரி தீபக், தப்பா எழுதிட்டேன். கரெக்ட் பண்ணிட்டேன், பாரு."

அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். "தீபக்கின் அணி... போய்விட்டு... வரும்." நிமிர்ந்தான். "எப்ப வரும்?"

"தெரியல. வர்றப்ப எழுத இடம் விட்டிருக்கேன்." பக்கத்தின் அடியில் நாலு வரி காலியாக இருந்தது.

"அதுவரைக்கும் எங்க மேட்ச்சை எழுத மாட்டியா?"

"எழுதுவேனே. நீ வந்து ஸ்கோர் சொன்னாதானே எழுத முடியும்?"

அதற்குள் ஆலன் பாதிப் பூரியைத் தட்டோடு தூக்கி வந்தான். "சாரி. ஜனவரியில நீங்க எங்களை பீட் பண்ணீங்கல்ல? அன்னிக்கு நான் பாத்ரூம்ல போய் அழுதேன்."

தீபக் சிரித்துவிட்டான். பூரி மிச்சமில்லை. மறுபடி ரெனிஷா வீட்டுக்கு வந்து விளையாடிவிட்டு, கிளம்பும்போது தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "ஆன்ட்டி, போயிட்டு வரேன்!"

இனி ஆகஸ்ட் வரை ஆட்டம் கிடையாது, சனிக்கிழமையாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஜூடித் நினைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை காலை, சரியாக ஆறரைக்கு, வாசல் மணி அடித்தது.