பல்லுக்கொழுக்கட்டை

பூரணத்தின் தாலி ஒரு பக்கம் வெளுத்திருந்தது. திங்கட்கிழமை காலை கண்ணில் ஒற்றிக்கொள்ள எடுத்தபோதுதான் பார்த்தாள். பவுணின் மஞ்சள் போய், ஈயம் பூசியதுபோல் ஒரு சாம்பல் நிறம். சேலைத் தலைப்பால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை.

மானிப்பாயில் எட்வேர்ட் என்ற பல் டாக்குத்தரிடம் அவளுக்கு வேலை. சூத்தைப் பல்லை அடைக்க, வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சின்ன உரலில் அரைத்து, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, துணியில் முறுக்கிப் பிழிந்து கொடுக்க வேண்டும். பிழியும்போது மிச்சப் பாதரசம் இழைகளுக்குள்ளால் துளித்துத் துளித்து விரலெல்லாம் உருளும். கராம்பு எண்ணெய் மணமும், எச்சில் கிண்ணத்தில் நாள் முழுக்கக் கிடந்து புளித்த இரத்தமும் சளியுமான வீச்சமும் மூக்கில் ஏறினால் இராச்சோறுவரை இறங்காது. தன் கையாலேயே சோற்றைப் பிசையவும் அருவருப்பாக இருந்தது அவளுக்கு.

தாலியைக் காட்டினாள். டாக்குத்தர் சிரித்தார்.

"பாதரசம் பட்டால் பவுண் வெளுக்கும். கழட்டி வைச்சிட்டு வேலையைச் செய்யும்."

கட்டினவன் கடலில் இருக்கத் தாலியைக் கழற்றச் சொல்கிறார், பெரிய படிப்புப் படித்த மனுசன்! அதை விழுங்கிக்கொண்டு மற்றதைக் கேட்டாள்.

"ஐயா, நான் பால் குடுக்கிறனான். பிள்ளைக்கு ஏதும்..."

"சனங்கள் வாய்க்குள்ளை காலம் முழுக்க வைச்சுக்கொண்டு திரியிற சாமான். உம்மடை பிள்ளையை என்ன செய்யப்போகுது?"

கைக்குச் சவர்க்காரம் போட்டாள். தேசிக்காயால் தேய்த்தாள். பிறகு சாம்பல். நக இடுக்கில் ஒரு பொட்டுப் பாதரசம் இன்னும் மினுங்கியது.

இரண்டு பஸ் மாறித் தொண்டைமானாற்று வீட்டுக்கு வந்தபோது, ஏழு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி புருசனின் தங்கை கமலாவதி படலைக்கே ஓடிவந்தாள்.

"மச்சாள், பிள்ளைக்குப் பல்லு வருகுது! வீணீர் எப்பிடி வடியுது பாரும். வெள்ளிக்கிழமை தலையிலை பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவம்."

வீணீர் கயிறாகத் தொங்கியது. பிள்ளையை வாங்கியதும் பூரணத்தின் கழுத்தில் ஒட்டியது. அதில் பால் மணமில்லை. எச்சில் கிண்ணத்தின் அதே வீச்சம். ஈறு ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. தொட்டாள். அழுகிய பழம்போல் விரல் அமிழ்ந்தது. விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். பெற்ற பிள்ளையை அருவருக்கிறேனே என்று வெட்கிப்போனாள்.

அன்று பால் கொடுக்கவில்லை. மறுநாளும் இல்லை; வேலைக்கும் போகவில்லை. சீனித்தண்ணீரைப் பிள்ளை துப்பியது. இரண்டு நாளும் வீறிட்டது. மார்பு கட்டிக் கல்லாயிற்று. புதன்கிழமை மாலை மனம் கேட்கவில்லை. கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அயல் பெண்கள் கூடி, பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்குமேல் வெள்ளைத்துணி பிடித்து, குட்டிக் கொழுக்கட்டைகளைப் பொலபொலவென்று கொட்டினார்கள். பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரித்தது.

"முளைச்சிட்டுது! என்ன வெள்ளைப் பல்லு!" என்றாள் கமலாவதி.

பெண்களெல்லாரும் கொழுக்கட்டை பொறுக்கக் குனிந்தார்கள். பூரணம் பிள்ளையின் வாய்க்குள் பார்த்தாள்.

கீழ் ஈற்றில் ஒரு பல். பளபளத்தது. ஆடியது.

விரலை வைத்தாள். பல் உடைந்தது. இரண்டாயிற்று. நான்காயிற்று. வெள்ளித் துளிகளாய் ஈற்றின்மேல் ஓடின. பிள்ளை விழுங்கியது.

"இல்லை... இல்லை..."

ஊதா ஈறு மெல்ல வியர்த்தது. ஒரு துளி. இன்னொரு துளி. மேல் ஈற்றிலும்.

பிள்ளைக்குப் பசி. இரண்டு கையாலும் அவள் சட்டையைப் பிடித்து இழுத்து, மார்பை நோக்கி வாயை அகலத் திறந்தது. வாய் நிறையப் பல். ஒவ்வொன்றும் உருண்டுகொண்டிருந்தது.