மூச்சுக் கட்டத்தில் பதினெட்டு

வணக்கம், எல்லோரும் சுகமா? சளி, இருமல் ஒன்றும் இல்லையே? இருமல் இருந்தாலும் போகட்டும். நாலு பேர் படுத்திருக்கும் இடத்தில் ஒரு இருமல் சத்தம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இந்தக் கதையில் வரும் நர்ஸுக்குத்தான் தெரியும்.

நல்ல பகல் வேளை. மணி இரண்டு ஆகப்போகிறது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, பன்னிரண்டு கட்டில் போட்ட பெண்கள் வார்டுக்குள் அவள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நுழைந்தபோது, பினாயில் வாடையும் ஆறிப்போன சாப்பாட்டு வாடையும் எப்போதும் போலத்தான் கலந்து வந்தன, மின்விசிறி எப்போதும் போலக் கடகடத்தது, ஜன்னல் வெயில் எப்போதும் போலத் தரையில் நீளமாகக் கிடந்தது. ஆனால் யாரும் இருமவில்லை, யாரும் முனகவில்லை, யாரும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் அளந்து, கட்டில் காலில் தொங்கும் தாளில் எழுதுவது அவள் வேலை. காய்ச்சலை ஒரு கருவி சொல்லிவிடும். ரத்த அழுத்தத்தையும் நாடியையும் இன்னொரு கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் மனிதர்தான் எண்ண வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணெடுக்காமல் ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு நிமிடம். யாருக்கு இருக்கிறது அவ்வளவு நேரம்? தாளில் மூச்சுக்கான கட்டத்தில் பதினெட்டு என்று போட்டால் எந்த டாக்டரும் கேள்வி கேட்கமாட்டார். ஒன்பது வருடமாக அவள் பதினெட்டுதான் போட்டு வந்தாள்.

இன்றைக்கு நிஜமாகவே எண்ண வந்திருந்தாள். ஒன்பதாம் கட்டிலில் கிடந்தது அவளுடைய சொந்தத் தங்கை. வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்று நாள்.

காலையில் தங்கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, மூச்சு முட்டுதுக்கா" என்றிருந்தாள். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் தங்கையைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்.

"பத்து மணிக்குப் பதினெட்டுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? எண்ணித்தானே எழுதினீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன? தங்கச்சின்னதும் நர்ஸ் வேலையே மறந்துபோச்சா? போங்க, போய் வேலையைப் பாருங்க."

அந்தப் பதினெட்டையும் அவள் எண்ணாமல்தான் எழுதியிருந்தாள்.

எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பது போலத் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள்ளையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். கை சில்லென்று இருந்தது. பதினெட்டு. சரியாகப் பதினெட்டு. நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதே பதினெட்டு. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

தங்கையின் மூச்சு தனியாக வரவில்லை. வார்டு முழுக்க ஒரே மூச்சு. எல்லாப் போர்வைகளும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

"என்ன சிஸ்டர், அதிசயமா எண்ணுறீங்க?"

நான்காம் கட்டில்காரி. கண் மூடியே இருந்தது. போர்வைகள் ஏறும்வரை காத்திருந்தாள். இறங்கும்போது மறுபடி பேசினாள்.

"சொந்தத் தங்கச்சின்னாத்தான் வாட்ச் ஓடுமோ?"

ஏறின. இறங்கின.

"எங்களை ஒரு நாளாவது எண்ணினீங்களா?"

"வேலை ஜாஸ்திம்மா... நான்..."

"பரவால்ல. நீங்க எழுதினபடியேதான் விடுறோம். கூடவும் முடியல. குறையவும் முடியல."

நர்ஸ் பின்னால் நகர்ந்தாள். இடுப்பு பதினொன்றாம் கட்டிலில் இடித்தது. அது காலிக் கட்டில். அதில் இருந்தவள் விடியற்காலையிலேயே இறந்து, உடலை எடுத்துப் போயாகிவிட்டது. வெறும் மெத்தை, மேலே ரெக்சின் உறை.

உறை ஏறியது. இறங்கியது.

தொங்கிக்கொண்டிருந்த தாளை எடுத்தாள். பத்து மணிக் கட்டம். அவளுடைய கையெழுத்து. கைப்பழக்கத்தில் இதற்கும் எழுதியிருந்தாள். பதினெட்டு.

பேனாவால் அந்த எண்ணை அடித்தாள். உறை அமுங்கியது. பிறகு எழவில்லை.

"அப்படியே அங்கேயும் அடிச்சிடுங்க," என்றாள் நான்காம் கட்டில்காரி. "பாவம், அது பத்தரைக்கே முடிஞ்சுபோச்சு."

ஓடினாள். தங்கையின் மணிக்கட்டு. நாடி இல்லை. கழுத்து. இல்லை. கண் பாதி திறந்திருந்தது. உள்ளே ஈரம் இல்லை. நெஞ்சு மட்டும் ஏறியது. இறங்கியபோது உதடு அசைந்தது.

"போதும்க்கா."

வாசலில் செருப்புச் சத்தம். டாக்டர்.

"என்ன, இன்னும் தங்கச்சி பக்கத்துலயேதான் நிக்கிறீங்களா? ரெண்டு மணி மூச்சு எவ்வளவு?"

கட்டம் காலியாக இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்தாள். ஒரு சைபர். அவ்வளவுதான். போட்டால் தங்கை போய்விடுவாள்.

"விடுக்கா."

பேனாவை அழுத்திப் பிடித்தாள். எழுதினாள்.

"பதினெட்டு சார்."

"நான்தான் சொன்னேனே." அவர் தாளைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

ஜன்னல் வழியாக ஒரு ஈ வந்தது. தங்கையின் திறந்த கண்மேல் உட்கார்ந்தது. கருவிழியைத் தாண்டி மெதுவாக நடந்தது. இமை மூடவில்லை. நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது.

உங்களில் யாராவது, எந்த ஆஸ்பத்திரியிலாவது இப்படி ஒரு மூச்சைப் பார்த்திருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஒருத்தராவது எழுதுங்கள்.