கதவடியில் இரண்டு சோடி

சேர்வர் அறையின் கதவடியில் ஒரு சோடி றப்பர் செருப்புக் கிடந்தது.

பரமநாதன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றான். கம்பனியின் கணினிகள் ஓடுகிற அந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது, தூசி ஆகாது என்று சட்டம் போட்டவனே அவன்தான். ஆனால் உள்ளே போகிற ஆளும் அவன் ஒருவன்தான். கதவின் இலக்கம் வேறு யாருக்கும் தெரியாது. அவனுடைய செருப்போ அவன் காலில் இருந்தது.

"கிறேஸ், ஆரும் உள்ளுக்கு வந்தவையே?"

முன்மேசையில் கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்த கிறேஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்லை சேர். ஊரடங்கு போடப் போறாங்களாம், பசார் எல்லாம் பூட்டுறாங்கள். நான் போறன். நீங்களும் வெளிக்கிடுங்கோ."

"பிளானை இண்டைக்கு அனுப்பவேணும். முதலாளி விடமாட்டார்."

அவள் போய்விட்டாள். மத்தியான வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் கடைத் தகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து அடங்கின, சைக்கிள்கள் அவசரமாகப் போயின, பிறகு மன்னார்ப் பசார் முழுவதும் கழுதைகளுக்கு என்று ஆகிவிட்டது. அவற்றில் ஒன்று கந்தோர் வாசலில் நின்று மூச்சு வாங்குவது உள்ளே கேட்டது.

வலது செருப்பின் வார் அறுந்து, வலை பின்னுகிற நீல நைலோன் நூலால் கட்டப்பட்டிருந்தது. இந்தத் தீவில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டுவார்கள் என்று பரமநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தன் செருப்பை அதற்குப் பக்கத்தில், படாமல் கழற்றி வைத்தான். இலக்கத்தை அடித்தான். கதவு திறந்து அவனை உள்ளே விட்டுத் தானாகச் சாத்திக்கொண்டது.

கம்பனி மீன் வாங்கி அடுக்குகிற ஒரேயொரு ஐஸ் வாடியாக இருந்த காலத்தில் இது மீன் வைக்கிற குளிர் அறை. முழங்கை நீளத் தடிப்பில் சுவர், யன்னல் கிடையாது, கதவில் மட்டும் வட்டமாக ஒரு கண்ணாடி. ஷெல் விழுந்தாலும் சேர்வருக்கு ஒன்றும் ஆகாது என்று இதைத் தெரிவு செய்ததற்காக முதலாளி சாஹுல் ஹமீட் அவன் முதுகில் தட்டியிருந்தார். எத்தனை தரம் கழுவினாலும் மீன் வாடை மட்டும் போகவில்லை. இயந்திரங்களின் இரைச்சலுக்கும் ஏசியின் குளிருக்கும் அடியில் அது எப்போதும் ஈரமாக இருந்துகொண்டே இருக்கும். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

மேசையில் கிளைகளை இணைக்கிற பிளான் விரிந்து கிடந்தது. பேசாலை, வங்காலை, முருங்கன், இனிக் கற்பிட்டி. கம்பனி வளர்ந்துகொண்டு போனது. எல்லாக் கோடுகளும் இந்த அறைக்கு வந்து, இங்கிருந்து புத்தளத்தில் இருக்கும் இரண்டாவது சேர்வருக்குப் போயின. தென்கரையில் சிலாவத்துறை இருந்த இடத்தில் மட்டும் அழித்த தடம். அதற்குரிய வயரைச் சண்டை தொடங்கிய அன்று பிடுங்கியவன் அவன்தான்.

காலையில் முதலாளி தொலைபேசி எடுத்திருந்தார். "தம்பி, சந்தோசமான சங்கதி. சிலாவத்துறையில நம்மட சாமான் ஒண்டும் களவு போகல்லயாம். அங்கால போய்வந்த ஒரு ஆள் சொன்னார். கூல்றூம் கதவு பூட்டினது பூட்டினபடி கிடக்காம். உங்கட பூட்டுத்தான் காப்பாத்தியிருக்கு. புதுப் பிளானில எல்லா இடத்துக்கும் அதையே போடுங்க."

"ஓம்" என்றான் பரமநாதன். காலைச் சாப்பாட்டை வாசலில் நின்ற கழுதைக்குப் போட்டான்.

அந்தப் பூட்டு அவனுடைய மூளை. சனம் இடம்பெயர்ந்து ஓடும்போது குளிர் அறைகளை உடைத்து அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று முதலாளி புலம்பியதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம். கதவை இங்கிருந்துதான் திறக்கலாம். தொடர்பு அறுந்தால், கரண்ட் போனால், கதவு பூட்டியபடியே இருக்கும். உள்ளே இருந்த கைபிடியைக் கழற்றிவிட்டு மணி ஒன்று வைத்தான். யாராவது உள்ளே அகப்பட்டால் மணியை அழுத்தட்டும், மன்னாரில் திரையில் தெரியும், உடனே திறந்துவிடலாம். எழுதிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது.

சிலாவத்துறையில் காவலுக்கு இருந்த பெனடிக்றுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஐஸ் வாடிக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. உள்ளே போகிறவன் செருப்பைக் கதவடியில் விட்டுப் போவான். வெளியில் செருப்புக் கிடந்தால் எவனும் கதவைப் பூட்டமாட்டான். பூட்டுப் பொருத்தப் போன அன்று பெனடிக்ற் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

"இனி அது தேவையில்லை அண்ணை" என்று பரமநாதன் சிரித்தான்.

"உங்கட பெட்டிக்குக் கண் இருக்கோ தம்பி? செருப்பெண்டாக் குருடன்கூடத் தடக்கிப்போட்டு நிப்பான்."

இவர் திருந்தமாட்டார் என்று அன்றைக்கு நினைத்தான். அந்த நினைப்பு இப்போது அவனைக் கொன்றது.

சண்டை தொடங்கிய அன்று கந்தோருக்கு இரண்டு சீருடைக்காரர் வந்தார்கள். சிலாவத்துறைப் பக்கம் போகிற சிக்னலை உடனே நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கையில்தான் திரையில் அந்த வரி சிவப்பாக மின்னியது. சிலாவத்துறை, குளிர் அறை, மணி. மின்னி நின்றது. மறுபடி மின்னியது. தடித்த சுவர் என்று பெனடிக்ற் ஷெல்லுக்குப் பயந்து உள்ளே பூந்திருக்கிறார், கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது. திறக்கிற இலக்கத்தை அடிக்க ஒரு விநாடி போதும். ஆனால் அங்கே என்ன அனுப்புகிறாய் என்று அவர்கள் கேட்டால்? பரமநாதன் ஒன்றும் அடிக்கவில்லை. கையை நீட்டி வயரைப் பிடுங்கினான். "முடிஞ்சுது" என்றான். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெனடிக்றின் மனைவி மார்த்தா பின்னொழுங்கையில் தங்கையோடு இருந்தாள். ஒவ்வொரு நாளும் மத்தியானச் சமையல் முடித்து ஈரக்கையோடு கந்தோருக்கு வருவாள். "தம்பி, அவரிட்டயிருந்து ஏதும் வந்ததே?" ஒவ்வொரு நாளும் அவன் "இல்லை அக்கா, சண்டைக்கு முதலே லைன் போயிற்றுது" என்பான். அவள் அவனை நம்பினாள். கோயிலில் அவனுக்காகவும் மெழுகுதிரி கொளுத்துவதாக ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அவள் வந்ததும் முதல் வேலை அதுதான். கதவு இன்னும் பூட்டியிருக்கிறது, அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். எடுத்து அடக்கமாவது செய்யட்டும். பரமநாதன் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

வயர்கள் வந்து சேரும் பெட்டியில் பச்சைப் புள்ளிகள் வரிசையாகத் துடித்துக்கொண்டிருந்தன. பேசாலை. வங்காலை. முருங்கன். கடைசியில், வயர் ஒன்றும் செருகாத, வெறும் ஓட்டையாக இருந்த இடத்துக்கு மேலே இன்னொரு புள்ளி. அதுவும் துடித்தது. மற்றவை படபடவென்று அடித்துக்கொள்ள, அது மட்டும் மெதுவாக, ஆறுதலாக, நித்திரையில் இருக்கிறவனின் மூச்சுப் போல வந்து வந்து போனது.

பெட்டி பழுதாக இருக்கும். அப்படி நடப்பதுண்டு. அவன் குனிந்து அந்த ஓட்டைக்குள் விரலை வைத்துப் பார்த்தான். விரல் நுனி நனைந்தது. முகர்ந்தான். மீன் இரத்தம் கலந்த ஐஸ் தண்ணீர்.

அப்போதுதான் தரையைக் கண்டான். வாசலிலிருந்து வெறுங்காலின் ஈரத்தடங்கள். அவனுடைய கால் காய்ந்திருந்தது. தடங்கள் உள்ளே வந்து, அவன் கதிரையைச் சுற்றி, சேர்வர் அலுமாரிகளுக்குப் பின்னால் இருந்த இருட்டுக்குள் போயின. திரும்பி வரவில்லை.

கதவுக்குப் போகத் திரும்பினான். அதே நேரம் மேசையில் இருந்த தொலைபேசி ஒருதரம் கிணுங்கிச் செத்தது. ஊரடங்கு என்றால் லைனை வெட்டுவார்கள், எப்போதும் செய்வதுதான். பேசாலையின் புள்ளி அணைந்தது. வங்காலை அணைந்தது. முருங்கன். புத்தளம். தொடர்பு அறுந்தது. கதவுக்குள் இரும்பு நகர்ந்து விழுந்தது.

டக்.

அவனுடைய சட்டம். அவனுடைய பூட்டு. இந்தக் கதவுக்கும் அதையே, புத்தளத்துச் சேர்வரோடு தொடுத்துப் போட்டிருந்தான்.

கடைசிப் புள்ளி மட்டும் அணையவில்லை.

உள்ளே கைபிடி இல்லை. மணி இருந்தது. அழுத்தினான். முன்மேசையில் அடிக்க வேண்டிய மணி. அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அழுத்தினான். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

சிலாவத்துறை. குளிர் அறை. மணி.

கையை எடுத்தான். வரி போனது. மறுபடி அழுத்தினான். மறுபடி வந்தது. கையை எடுத்தான்.

இந்த முறை அது போகவில்லை.

குளிர் இறுகியது. மூச்சு வெள்ளையாக வந்தது. ஏசிக்கு இந்த அளவு வலு இல்லை. அலுமாரிகளுக்குப் பின்னால் ஏதோ சொட்டியது. பிறகு, மிக மெதுவாக, சுவரில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். கோபமான தட்டல் இல்லை. நெடுநேரம் தட்டிக் களைத்த கை.

"அண்ணை" என்றான் பரமநாதன். "அண்ணை, எனக்குப் பயம். பயத்தில செய்திட்டன்."

தட்டல் நின்றது.

ஈரக்கால் ஒன்று தரையில் பட்டது.

அவன் கதவில் போய் ஒட்டிக்கொண்டான். வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்த்தா நின்றாள். ஊரடங்கு அவளை மறிக்கவில்லை. வழக்கம்போல ஈரக்கையோடு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளைக் கண்டதும் அவனுக்குள் இருந்ததெல்லாம் உடைந்து வெளியே வந்தது.

"அக்கா! மணி அடிச்சது அக்கா! அவர் அடிச்சவர். நான் திறக்கேல்ல. நான்தான் திறக்கேல்ல! கதவை உடையுங்கோ அக்கா, ஆரையும் கூப்பிடுங்கோ!"

தடித்த சுவர். தடித்த கதவு. அவள் அவன் வாயைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் தலையை அசைத்தாள். பிறகு எதிலோ கால் தடக்கிக் கீழே பார்த்தாள்.

குனிந்தாள். கண்ணாடியில் அவள் இல்லாமல் போனாள். எழுந்தபோது அவள் கையில் அந்தச் செருப்பு இருந்தது. நீல நூல் கட்டிய வார். அதை அவளே கட்டியிருக்க வேண்டும். விரலால் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். முகம் முழுவதும் நடுங்கியது. பிறகு சிரித்தாள். இத்தனை நாளில் அவன் பார்க்காத சிரிப்பு.

செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்ட வந்தாள். அவள் கண் பரமநாதனில் இல்லை. அவனைத் தாண்டிப் போனது. உதடு அசைந்தது. கேட்கத் தேவையில்லை. அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும்.

பின்கழுத்தில் குளிர் பட்டது.

அவன் திரும்பவில்லை. அவனுடைய முகத்துக்கு முன்னால் ஏற்கெனவே அவன் மூச்சுப் படிந்த கண்ணாடியில், அவன் தோளுக்கு மேலே, இன்னொரு மூச்சு வெள்ளையாகப் படிந்தது.

மார்த்தா சிரித்தபடியே கையைத் தூக்கினாள். அவர் முகத்தை நான் பார்க்கவேணும், நீ கொஞ்சம் விலகு தம்பி என்று கையால் காட்டினாள்.