மூன்று கணுப் புழு

காலை 9.10. வனக்காவலர் சம்சிபெக் கண்ணாடி ஜாடியைப் புருலின் மேசைமேல் வைத்தார். உள்ளே ஸ்பிரிட்டில் ஒரு முழம் குடல்.

"கழுத்துப்பட்டை போட்டுக் கண்காணிச்சோமே, அந்தப் பனிச்சிறுத்தையோட குடல். கணவாய்ல செத்துக் கெடந்துச்சு. பக்கத்துல விஷம் தடவின ஆட்டுத்தொடை. எல்லாம் அந்த மேய்ப்பன் தொக்தோசுன் வேலை."

"உடம்பு எங்க, பைக்கே?" அண்ணன் முறை வைத்துத்தான் புருல் கூப்பிடுவாள். நாடாப்புழு ஆராய்ச்சிக்காரியான அவளுக்குப் பத்து வருஷமாக மலையேறிச் சிறுத்தை எச்சம் பொறுக்கித் தந்தவர் அவர்.

"எரிச்சுட்டேன். கழுகு தின்னா அதுவும் சாகும்."

நியாயமாகத்தான் பட்டது. ஜன்னலுக்கு வெளியே குதிரை மட்டும் நின்றது.

"மொய்னோக் வரலையா? குதிரைக்கு முன்னால அதுதான வந்து நிக்கும்?"

"நாய்க்கு வயசாயிடுச்சு. வீட்ல கெடக்கு" என்றார், கிளம்பிக்கொண்டே.

10.30. போலீஸ் கேப்டன் எர்மெக் வந்தான். மேய்ப்பன் தொக்தோசுன் காவலில் இருந்தான். போன வாரம் சிறுத்தை அவன் பட்டியில் பதினோரு ஆட்டை அடித்திருந்தது. "அதை உயிரோட விடமாட்டேன்" என்று அவன் சந்தையில் கத்தியதை ஊரே கேட்டிருந்தது.

"அவன் என்ன சொல்றான்?"

"வாய்ச்சவடால்தான், விஷத்தைத் தொட்டதே இல்லங்கறான். குடல்ல விஷம் இருக்குன்னு எழுதிக் குடுங்க எஜே, போதும்." அவனுக்கு அவள் அக்கா முறை.

"எத்தனை வருஷம்?"

"அஞ்சுக்குக் குறையாது. தாயில்லாத புள்ளைங்க மூணு."

குடலில் விஷம் இருந்தது. பக்கத்து அறை ரசாயனக்காரர் உறுதிசெய்துவிட்டார். புருல் பேனாவை எடுத்தாள், எழுதக் கை வரவில்லை. பழக்க தோஷம், புழுவையும் பார்த்துவிடுவோமே என்று குடலைக் கீறி வழித்தாள்.

12.05. சிறுத்தை வயிற்றில் முழ நீள நாடாதான் இருக்கும். லென்ஸுக்கடியில் கிடந்ததோ நொய்யரிசி அளவுப் புழுக்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் மூன்றே கணு. திரும்பத் திரும்ப எண்ணினாள்.

2.40. சம்சிபெக்கின் முற்றம். புருலோடு எர்மெக்கும் வந்திருந்தான். முளையில் அறுந்த கயிறு.

"மொய்னோக் எங்க, பைக்கே?"

"ஓடிப்போச்சு."

"காலைல வீட்ல கெடக்குன்னீங்க."

எர்மெக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்தப் புழு நாய், ஓநாய் வயித்துலதான் வளந்து ஆளாகும்" என்றாள் புருல். "பூனைச் சாதியில வளராது. சிறுத்தையும் பூனைதான். ஆடு அறுத்தா நீர்க்கட்டி விழுந்த நுரையீரலை நாய்க்கு வீசறது நம்ம பழக்கம். நீங்களும் வீசுவீங்க. எத்தனை தடவை வேண்டாம்னு சொல்லியிருப்பேன்? மொய்னோக்குக்குப் புழு வந்தது அதுலதான். ஜாடியில இருக்கறது அதோட குடல். சிறுத்தை விஷத்துல சாகல பைக்கே. அது உடம்புல குண்டு இருந்திருக்கும். அதான் விக்கறதுக்குத் தோலை உரிச்சுட்டு உடம்பை எரிச்சிருக்கீங்க. பட்டை சிக்னல் நின்னா கேள்வி வரும், பழி போட ஒரு ஆள் வேணும்."

வைக்கோற்போரில் தோல் கிடைத்தது. தோளருகே ஒரே ஒரு துளை.

"குடல்னா குடல்தானேன்னு நெனச்சேன்" என்றார் சம்சிபெக்.

புருலுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "தொக்தோசுனை இப்பவே விட்டுடுங்க" என்றாள் எர்மெக்கிடம். "புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

ஜீப்பில் ஏறும்போது சம்சிபெக் முளையைத் திரும்பிப் பார்த்தார்.

"அது வேற யார் குடுத்தாலும் தின்னாது" என்றார். "நான் குடுத்தேன், தின்னுச்சு."