நெத்தலி படுத்த மடி

பூனைக்கு மயிர் வெட்டிய மெசினாலேயே தன் தாடியையும் ஒதுக்கிக்கொண்ட மனுசர் குருநகரில் தனக்கு முதல் யாரும் இருந்திருக்க மாட்டார் என்று அடைக்கலநாதன் நினைத்தார். ஒரு விசயத்திலாவது வகுப்பில் முதலாம் பிள்ளைபோல வந்தாயிற்று. பூனை நெத்தலியின் முதுகில் சோடா மூடி அளவுக்குச் சொட்டை விழுந்திருந்தது. சுற்றியுள்ள மயிரை ஒட்ட வெட்டிவிட்டு மருந்து பூசலாம் என்று பக்கத்து வளவுப் பெடியன் சொன்னான். வெட்டினார். மெசினை ஊதித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தார். ஞாயிறு பூசைக்கு மணி அடித்த அவசரத்தில் அதையே எடுத்துத் தாடையில் ஓட்டினார். ஒரு கிழமை கழித்து, கண்ணாடியில் தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு வளையம். நெத்தலிக்கு இருந்த அதே வளையம்.

பட்டணத்து மிருக வைத்தியர் நிவேதனாவுக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும். முதலில் பூனையைப் பார்த்தாள், பிறகு அவருடைய தாடையைப் பார்த்தாள்.

"ஐயா, மருந்துத் துண்டை உங்கடை பேரிலை எழுதவோ, பூனையின்ரை பேரிலை எழுதவோ?"

"ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தான் பிள்ளை. பொதுவா எழுதுங்கோ."

அவள் சிரித்துக்கொண்டே யன்னலைச் சாத்தி, ஊதா வெளிச்சம் ஒன்றைப் பிடித்தாள். இருட்டுக்குள் நெத்தலி மறைந்துபோனது. முதுகுச் சொட்டையைச் சுற்றியிருந்த மயிர்கள் மட்டும் பச்சையாக எரிந்தன, மாரிக்கடலில் வலை இழுக்கும்போது தண்ணீர் ஒளிருமே, அந்த மாதிரி.

"படர்தாமரை. பூஞ்சணம். உதிர்ற மயிரெல்லாத்திலையும் விதை இருக்கும். சாமான் இல்லாத தனி அறையிலை பூனையை விடுங்கோ. மயிரைக் கூட்டி அள்ளுங்கோ, குளோரின் கரைச்சுத் துடையுங்கோ. பாமசியிலை சொறிக் கடிக்கெண்டு சும்மா குடுக்கிற ட்யூப்பைப் பூசிப்போடாதையுங்கோ, அது சிவப்பை மறைச்சுப்போட்டு உள்ளுக்கை வளர்க்கும்." பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "வீட்டிலை கைக்குழந்தை ஆரும் இருக்கினமோ?"

"வரப்போகினம்."

"பச்சை முழுக்கப் போகுமட்டும் வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அதுதான் சிக்கல். மனைவி மக்டலீன் கொழும்பில், மகள் ஷெரோனின் பிள்ளைப்பேற்றுக்குப் போனவள். பேரனைத் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு வரப்போகிறாள். போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்: "உந்தப் பூனையிலை ஒரு சிரங்கு கண்டனெண்டால், பண்ணைப் பாலத்துக்கு அங்காலைதான் போகும், சொல்லிப்போட்டன்." நெத்தலி பாசையூர்ச் சந்தையின் மீன் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த குட்டி, பெட்டிக்குள் இருந்த எல்லாவற்றிலும் மெல்லியது அதுதான். அதைப் பாலத்துக்கு அங்கால் விடுகிற நெஞ்சு அவருக்கு இல்லை. ஆகவே மக்டலீனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வருவதற்குள் துடைத்துக் கழுவி முடித்துவிடலாம் என்று ஊதா ரோச் லைட் ஒன்றும் வாங்கிக்கொண்டு வீடு வந்தார்.

சாமான் இல்லாத தனி அறை என்று அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது, பின்பக்கம். வெளிநாடு போனவர்களின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெரியும்: வீடு முழுக்க உனக்கு, ஒரு அறை மட்டும் பூட்டியிருக்கும். வீட்டுச் சொந்தக்காரன் றெஜி கனடாவில். பூட்டின் திறப்பு குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. இத்தனை வருசத்தில் யாரும் அதைத் தொடவில்லை. கேட்டால் மாட்டேன் என்பான், கேட்காவிட்டால் தெரியவே வராது என்று அடைக்கலநாதன் திறந்தார்.

உள்ளே ஒரு பிரம்புக் கதிரை. வேறொன்றும் இல்லை. யன்னல்கள் பலகை வைத்து ஆணி அறைந்திருந்தன. தலைக்கு வைக்கும் எண்ணெயின் பழைய மணம், அடைத்து வைத்த போத்தலின் மூடியைத் திறந்ததுபோல, முகத்தில் வந்து பட்டது.

"வாடகைக்கு ஒரு ஆள் கொண்டு வந்திருக்கிறன்," என்று கதிரையைப் பார்த்துப் பகிடி விட்டார். "சத்தம் போடாத ஆள்."

மற்ற அறைகளில் அடைத்தால் கதவைப் பிறாண்டும் நெத்தலி, அந்த அறைக்குள் போனதும் அடங்கிவிட்டது. அவர் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது மூடிய கதவுக்குப் பின்னால் அது உறுமுவது கேட்டது. தடவும்போது பூனைக்குத் தொண்டையில் ஓடுமே, அந்தச் சுகமான உறுமல். எழும்பும், அடங்கும், எழும்பும். யாரோ தலையிலிருந்து வால்வரை கையைக் கொண்டுபோய், எடுத்து, மறுபடியும் தலையில் வைப்பதுபோல ஒரு தாளம்.

தனிய இருக்கிற பூனை கனாக் காணும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

காலையில் கூட்டப் போனால் நிலத்தில் மயிர் இல்லை. கதிரையின் கையில் இருந்தது. விரல்களுக்கிடையில் வைத்து உருட்டியதுபோலச் சின்னச் சின்ன உருண்டைகளாக, ஒன்றன்பின் ஒன்றாக. "நெத்தலி, நீ கொழுக்கட்டை பிடிக்கவும் பழகியிட்டாய்," என்றார். உருண்டைகளை அள்ளி எரித்தார். குளோரின் ஊற்றிக் கழுவினார். அடுத்த நாளும் இருந்தன.

ஒரு மத்தியானம் பச்சை குறைந்ததா என்று பார்க்க, கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஊதா வெளிச்சத்தை உள்ளே விட்டார். வெளியில் பாண் விற்கிற ஓட்டோ பாட்டோடு போனது. பட்டப்பகல். ஆனால் அந்த அறைக்குள் பகல் என்று ஒன்று வந்ததே இல்லை. நெத்தலியின் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன, கதிரைப் பக்கம். சுருண்டு படுத்திருக்கிறது. உறுமுகிறது. அவர் வெளிச்சத்தைக் கீழே இறக்கினார். கதிரையின் இருக்கை வெறுமையாகத் தெரிந்தது.

பூனை அதற்கு மேலே படுத்திருந்தது. ஒரு மடியின் உயரத்தில்.

கதவைச் சாத்தினார். மெதுவாக. சத்தம் வராமல். ஏன் சத்தம் வரக்கூடாது என்று நினைத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் பிடரி அரித்துக் கடித்தது. எட்டிப் பார்க்க முடியாத இடம். தொலைபேசியைப் பின்னால் பிடித்துப் படம் எடுத்தார். வளையங்கள். ஒரு பக்கத்தில் கிட்டக் கிட்ட வளைந்து நின்றன. மற்றப் பக்கத்தில், காதுக்குப் பின்னால், ஒன்று மட்டும் தனியே. படத்தை நிவேதனாவுக்கு அனுப்பினார். அவள் உடனே தொலைபேசி எடுத்தாள்.

"நான் மனுசருக்குப் பாக்கிற டொக்டர் இல்லை ஐயா, நீங்கள் தோல் கிளினிக்குக்குப் போகவேணும். ஆனா ஒண்டு கேக்கிறன். உங்களுக்குக் களிம்பு பூசி விடுறது ஆர்?"

"ஆரும் இல்லைப் பிள்ளை. நான் தனிய."



"இது பட்ட இடத்திலைதான் வரும், ஐயா. பட்டு ஒரு கிழமை, பத்து நாள் கழிச்சு. பூனையைத் தடவின ஆரோ கையைக் கழுவாமல் உங்கடை தலையையும் பிடிச்சிருக்கினம்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துப் பிடரியில் பொருத்திப் பார்த்தார். விரல்கள் வளையங்களுக்கு வெளியே போயின. சின்னக் கை. பெண்ணின் கை.

விறாந்தையில், பாயில், அவர் நித்திரையாகக் கிடக்கும்போது.

றெஜிக்கு எடுத்தார். "தம்பி, அந்தப் பூட்டின அறையிலை முந்தி ஆர் இருந்தது?"

"ஏனண்ணை, பேய் வாடகை தரமாட்டனெண்டுதோ?" றெஜி சிரித்தான். "இஞ்சை சரியான பனி. பிறகு எடுக்கிறன்." வைத்துவிட்டான்.

மக்டலீனுக்கு எடுத்தார். "இஞ்சாருமப்பா, குழந்தையை இப்ப கொண்டுவர வேண்டாம். இந்த வீட்டிலை என்னவோ இருக்கு."

"ஓமோம். போன முறை கிணத்துக்கை முதலை எண்டனீங்கள். அதுக்கு முதல் கூரையிலை மலைப்பாம்பு. இந்த முறை என்ன, பேயோ?"

"ஓம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்திலிருந்த ஷெரோனுக்கும் சொல்லிச் சிரித்தாள். ஆயுசு முழுக்க அவர் சம்பாதித்து வைத்த சிரிப்பு அது. இப்போது வட்டியோடு திரும்பி வந்தது. அப்போதாவது பூனையின் நோயைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. கதவுக்குப் பின்னால் நெத்தலி உறுமிக்கொண்டிருந்தது. பண்ணைப் பாலம் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் படுக்கவில்லை. சுவரோடு பிடரியை ஒட்டவைத்து, வெளிச்சம் போட்டு, உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் றெஜிக்குக் குரல் பதிந்து அனுப்பினார். தன் குரலையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அதில் பகிடி இல்லாததால்.

"தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன். குழந்தை ஒண்டு வரப்போகுது. அந்த அறையிலை ஆர் இருந்தது? ஒரு வார்த்தை உண்மையாச் சொல்லு."

பிறகு நெத்தலியை உள்ளே விட்டுக் கதவுக்குக் கொளுக்கி போட்டு, குளோரின் வாங்கச் சந்தைக்குப் போனார். மக்டலீனும் ஷெரோனும் சனிக்கிழமைதான் வருவார்கள். அதற்கிடையில் வேறொரு வீடு பார்த்துவிட வேண்டும், கொட்டிலானாலும் பரவாயில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. மக்டலீனுடைய செருப்பு. ஷெரோனுடையது.

குசினியில் தேத்தண்ணி கொதித்தது. "சொல்லாமல் வந்து பிடிச்சமோ?" என்றாள் மக்டலீன். "உங்கடை பேயைப் பாப்பமெண்டுதான் ராத்திரி ரயிலிலை ஏறினனாங்கள். இதென்ன தாடையிலை?"

"குழந்தை எங்கை?"

"கத்தாதையுங்கோப்பா, இப்பதான் கண்ணயர்ந்தவன்," என்றாள் ஷெரோன். "பின் அறையிலை சேலையாலை ஏணை கட்டியிருக்கிறம்."

மக்டலீனின் முகம் கனிந்திருந்தது. "பேய், பிசாசெண்டு கதை விட்டுப்போட்டு அந்த அறையைக் கழுவித் துடைச்சு மணக்க மணக்க வைச்சிருக்கிறியள். பேரனுக்கெண்டுதானே? எனக்குத் தெரியும் உங்கடை மனசு. நல்ல இருட்டு, காத்தும் குளிர். வைச்ச உடனை நித்திரை."

"பூனை? உள்ளை பூனை இருந்ததே?"

"கதவு திறக்கேக்கை ஒரு பூனையையும் காணேல்லை."

குளோரின் போத்தல் கையிலிருந்து விழுந்து உருண்டது. அவர் நடந்தார். பின்னால் மக்டலீன் ஏதோ கேட்டாள். கதவைத் தள்ளினார். எண்ணெய் மணம். முன்பு பழையதாக இருந்தது. இப்போது, சற்று முன்னர் தலைக்கு வைத்ததுபோல.

ஏணை ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல. உள்ளே பாரம் இருந்தது. அவருக்கு உயிர் வந்தது. கதவடியில் கிடந்த ஊதா ரோச் லைட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து சேலையை விலக்கினார்.

பச்சைப் புள்ளிகள்.

குழந்தையின் துணி. குழந்தையின் தொப்பி. கைகால் அசையாதபடி பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி, நாடியின் கீழ் இறுக்கி முடிந்திருந்தது. அதற்குள்ளிருந்து நெத்தலி கண் திறந்து அவரைப் பார்த்தது. அது உறுமவில்லை.

சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. றெஜி. எடுத்ததும் சிரிப்பில்லாத குரல்.

"அண்ணை, நீங்கள் அனுப்பின குரலைக் கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான். சொல்லுறன். என்ரை அக்கா. பிறப்பிலையே கண் தெரியாது. தலையைத் தடவித்தான் ஆக்களை அடையாளம் பிடிப்பா. சண்டைக்குள்ளை நாங்கள் வெளிக்கிடேக்கை வள்ளத்திலை அவவுக்கு இடமில்லை. என்ரை மகன் அப்ப கைக்குழந்தை. அவவின்ரை மடியிலைதான் கிடந்தவன். விடமாட்டா. பறிச்சால் கத்துவா." மூச்சு இழுத்தான். "மெல்ல உருவி எடுத்துப்போட்டு, துணியிலை ஒரு பூனைக்குட்டியைச் சுத்தி மடியிலை வைச்சனாங்கள். அவ அதைத் தடவிக்கொண்டிருந்தா. நாங்கள் படலையைச் சாத்தேக்கையும் தடவிக்கொண்டுதான் இருந்தா. பிறகு ஆக்கள் போய்ப் பாக்கேக்கையும் அந்தக் கதிரையிலைதான்."

அடைக்கலநாதனுக்குப் பின்னால் ஒரு சத்தம். குழந்தையின் சத்தம். அழுகை இல்லை. வயிறு நிறைந்த பிள்ளை நித்திரைக்குள் செய்யும் அந்தச் சின்ன முனகல். எழும்பும். அடங்கும். எழும்பும்.

அவர் திரும்பினார். வெளிச்சமும் திரும்பியது.

கதிரை. வெறும் இருக்கை. அதற்கு மேலே பேரன். ஒரு மடியின் உயரத்தில், யாரோ கையணை கொடுத்ததுபோலத் தலை சரிந்து. மொட்டைத் தலையில் பச்சைப் புள்ளிகள். ஒட்டியிருக்கவில்லை, ஊர்ந்தன. கிட்டக் கிட்ட ஒரு பக்கம். தனியே ஒன்று மற்றப் பக்கம். நெற்றியிலிருந்து உச்சிக்கு. எடுத்து, மறுபடியும் நெற்றிக்கு.

"தம்பி." தொலைபேசியை வாயோடு ஒட்டிப் பிடித்தார். "கேட்டால்... திருப்பித் தருவாவோ?"

"தரமாட்டா, அண்ணை."

பச்சை விரல்கள் நின்றன. கேட்பதுபோல. பிறகு குழந்தையின் தலையைச் சுற்றி மெல்ல மடங்கின.