மழை இல்லாத வானிலை அறிக்கை

நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. வெயில் தெருவை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. பேய் பிசாசுக்கெல்லாம் ஒத்துவராத நேரம். அதனால்தான் தைரியமாகப் போனேன் என்று சொல்லலாம், ஆனால் பொய். போனில் கேட்ட குரலுக்குப் பயந்துதான் போனேன்.

முப்பது வருடம் வானொலியில் செய்தி வாசித்த குரல் அது. என் அப்பா எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நம்பமாட்டார். அந்தக் குரல் மணி சொன்னால்தான் முள்ளைத் திருப்புவார். அப்படிப்பட்டவர் எனக்கே போன் செய்து, "நாளை மூன்று மணிக்கு வாருங்கள்" என்றால், எழுந்து நின்று "சரிங்க" என்பதைத் தவிர வேறென்ன செய்வது?

பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். கல்யாண வாழ்த்துரையின் நடுவே விழுந்த தும்மல், பாட்டுக்குள் புகுந்த குழந்தை அழுகை, எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். அடுத்தவர் இருமலில் சோறு தின்கிறவன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

கதவைத் திறந்தது அவர் மனைவி. ஒடிசலான அம்மா. கண்ணில் மட்டும் குறும்பு மிச்சமிருந்தது.

"வாங்க தம்பி. முதல்ல டீயைக் குடிச்சிடுங்க. இவர் கேக்கச் சொல்ல ஆரம்பிச்சார்னா ராத்திரி சாப்பாடும் இங்கேதான்."

"அவர் நேரத்தை வீணாக்காதே" என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல். நான் டீயை ஒரே மடக்கில் விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

பதிவு அறை வீட்டின் நடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டி, அதன்மேல் கனத்த கறுப்புத் திரை. கதவைச் சாத்தியதும் வெளியுலகமே அறுந்து விழுந்தது. நான் செருமினேன். என் செருமலை யாரோ வாயிலேயே பிடித்துக்கொண்டது போலிருந்தது. நாற்பது வாட் விளக்கு ஒன்று, பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று, இரண்டு நாற்காலி.

அவர் நாடாப் பெட்டியைத் திறந்தார். குப்பென்று வினிகர் நெடி. பழைய நாடா சாகத் தொடங்கினால் இப்படித்தான் நாறும்.

"என் பெண்ணுடையது. அவ போய் இருபத்தாறு வருஷம் ஆச்சு. அவ குரல்னு எங்ககிட்ட மிச்சமிருக்கிறது இந்த நாலு நிமிஷம்தான்" என்றார். "அதுல இப்போ ஒரு கறை விழுந்திருக்கு. அதை எடுத்துடணும். எடுத்துட்டு ஒரு பிரதி போடணும். நாடா இன்னும் நாலைஞ்சு தடவைக்கு மேல ஓடாது."

ஓடவிட்டேன்.

"வணக்கம். இன்று வானம் தெளிவாக இருக்கும். காற்று தெற்கிலிருந்து வீசும்..."

பளிங்கு மாதிரிக் குரல். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அறிவிப்பாளர் வேலைக்கான தேர்வுக்கு அவளைத் தயார் செய்தாராம். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்கக் கேட்க என் நெஞ்சை என்னவோ அழுத்தியது. எதனால் என்று பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று.

அந்தப் பெண் எங்கேயும் மூச்சு விடவில்லை.

"மூச்சை வெட்டிட்டீங்களா சார்?"

"மைக்கில் மூச்சு கேட்கக் கூடாது" என்றார். "அவளுக்குத் திக்குவாய். ரெண்டு வருஷம் பதிவு செஞ்சு, திக்கின இடத்தையெல்லாம் பிளேடால வெட்டி ஒட்டினேன். இந்த நாலு நிமிஷத்துல மட்டும் நூத்துப் பதினாலு ஒட்டு. ஒண்ணாவது தெரியுதா?"

தெரியவில்லை. வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

"எழுதிக் கொடுத்ததும் நான்தான். 'ம'வில் ஆரம்பிக்கிற வார்த்தைதான் அவளுக்கு எமன். அதனால அப்படி ஒரு வார்த்தைகூட வராம எழுதினேன்."

"மழை?"

"வராது."

"மேகம்?"

"வராது."

மழையும் மேகமும் இல்லாத வானிலை அறிக்கை. சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன். அப்போதுதான் அது கேட்டது.

"மூ..."

மிக மெல்லிய ஒலி. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே. "மூ... மூ..."

"இதான் கறை" என்றார்.

இதற்கு எங்கள் தொழிலில் விளக்கம் உண்டு. வருடக்கணக்கில் சுற்றியே கிடந்தால், நாடாவின் ஒரு சுற்றில் உள்ள ஒலி அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். அதை அவரிடம் மிடுக்காகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மூன்று அங்குலம் வெட்டி, முனைகளை ஒட்டி, மறுபடி ஓடவிட்டேன்.

"மூ..."

அதே இடத்தில். நான் வெட்டிப் போட்ட துண்டு என் மடியில் கிடந்தது.

இன்னும் நாலு அங்குலம் வெட்டினேன். வெட்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு சுற்றின் ஒலி இன்னொன்றில் ஒட்ட வேண்டுமென்றால், அந்த ஒலி முதலில் நாடாவில் எங்கேயாவது இருக்க வேண்டும். இந்த நாடாவில்தான் 'ம'வில் ஆரம்பிக்கிற வார்த்தையே கிடையாதே.

"மூ... மூ..."

மோட்டாரை நிறுத்தினேன். சக்கரங்கள் சுற்றி ஓய்ந்தன.

"மூ..."

பிளக்கைப் பிடுங்கினேன்.

"மூ..."

எனக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பெண் நின்றுகொண்டு பேசினால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்திலிருந்து.

"அதையும் வெட்டுங்க" என்றார் அவர்.

"எதை சார் வெட்டறது? ரூமையா?"

அதற்குள் ஓர் ஓசை. குறுகலான துளை வழியாகக் காற்றை இழுப்பது போல, ஈளையும் விசிலும் கலந்து. என் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. இருக்கிற கொஞ்சமும்.

கதவு திறந்தது. நான் போட்ட கத்தலில் டேப் ரெக்கார்டரே அதிர்ந்திருக்கும். வந்தது அந்த அம்மாதான். கையில் ஒரு பிஸ்கட் டின்.

"கேட்டுச்சா உங்களுக்கும்?" என்றார். நான் தலையாட்டினேன். "நல்லவேளை. என் காதுக்கு மட்டும்தானோன்னு இருந்தேன்."

டின்னை என் மடியில் வைத்துத் திறந்தார். உள்ளே விரலளவு, நகமளவு நாடாத் துண்டுகள். ஆயிரக்கணக்கில்.

"இவர் வெட்டி வெட்டிக் கீழே போடுவார். நான் தினமும் பெருக்கி எடுத்து வெச்சேன். இவர் பெண்ணு அந்தச் சக்கரத்துல இருக்கா. என் பெண்ணு இதுல இருக்கா. திக்கலும் மூச்சுமா."

"அப்போ இந்தச் சத்தம் இந்தத் துண்டுல இருக்குமாம்மா?"

"இருக்காது தம்பி. இது இங்கே பதிவானதில்ல." அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லுங்க. நாடு முழுக்கச் செய்தி சொன்னீங்களே, இதையும் சொல்லுங்க."

அவர் செய்தி வாசிப்பது போலவே, முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஹாஸ்டல்லேருந்து போன் பண்ணினா. 'அப்பா, மூ... மூ...'ன்னா. அவளுக்கு இளைப்பு உண்டு. ஆனா எனக்குத் திக்கல்தான் காதுல விழுந்தது. நிதானமா யோசிச்சு, முழுசாச் சொல்ல வரும்போது கூப்பிடுன்னு வெச்சுட்டேன்."

அறையில் எங்கள் மூவரின் மூச்சு கேட்டது. நாலாவதும் கேட்டது.

"பத்து நிமிஷம் கழிச்சு வார்டன் பண்ணினா. அந்தப் பத்து நிமிஷமும் நான் போன் பக்கத்துலேயே உக்காந்திருந்தேன். எடுத்த உடனே சபாஷ்னு சொல்லணும்னு."

"மூ..." என்றது காற்று.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, அந்தப் பக்கம் பார்த்து மண்டியிட்டார். எழுபத்தெட்டு வயது முழங்கால்கள் தரையில் இடிபட்டன.

"வேண்டாம்மா" என்றார். என் அப்பாவின் கடிகாரத்தைத் திருப்பிய குரல் சுக்குநூறாக உடைந்தது. "முழுசாச் சொல்ல வேண்டாம். மூச்சு முட்டுதுன்னுதானே? புரிஞ்சிடுச்சும்மா. அப்பாவுக்குப் புரிஞ்சிடுச்சு. போதும், நீ பேசவே வேண்டாம்..."

சத்தம் நின்றது.

விசிலும் நின்றது. அந்த அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். எனக்கே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு, பிளக் பிடுங்கிக் கிடந்த அந்த அறையில், பளிங்குக் குரல் பேசியது. ஒட்டுத் தெரியாமல். மூச்சு தெரியாமல்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. இந்தத் தடவை சரியாச் சொல்லிடறேன்."

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் உங்களுக்குப் பயப்படறாளே" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லாமல்.

எங்களுக்கு மிக அருகில் யாரோ முதுகை நிமிர்த்திக்கொண்டு, சிரமப்பட்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார்கள்.

"மூ..."