செல்லக்கண்ணு பிரித்த குப்பை

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டி எங்கள் ஊர்க் குப்பைமேடு இருக்கிறது. தினம் டிராக்டரில் லோடு கொண்டுபோய்க் கொட்டுகிறவன் நான். பேர் ராசாங்கம். மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என்று இரண்டு வாளி கொடுத்தால், இரண்டிலும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, மீன்முள்ளையும் பிளேடையும் ஒரே பையில் முடிந்து எறிகிற மகராசர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அந்த முடிச்சுகளை அவிழ்த்துப் பிரிக்கிறவள் செல்லக்கண்ணு. அவள் புருஷன் அங்கமுத்து பிளாஸ்டிக்கை மூட்டை கட்டுவான்.

ஐப்பசி மழையில் மேடு சரிந்தது. செல்லக்கண்ணு உள்ளே போய்விட்டாள். பொக்லைன் வந்து தோண்டியது. தோண்டத் தோண்டக் குப்பைதான் வந்தது. போதும் என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள், பாவிகள்!

உடம்பு இல்லாமலே பால் தெளித்தோம். மேட்டின் மேலேயே தெளித்தான் அங்கமுத்து. முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்க வேண்டும். செத்தவர்களிடம் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அவனோ, தினம் டீ வாங்கப் போகும்போது சொல்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டான்.

“போயிட்டு வரேன் புள்ள.”

அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். “அடப்பாவி, என்னடா சொன்ன?”

அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் உச்சிவெயிலில் லோடு கொட்டிவிட்டு எஞ்சினை அணைத்து மேட்டில் இறங்கினேன். காற்றே இல்லை. அழுகின நாற்றத்துக்கு நடுவே பூசுமஞ்சள் வாசம் வந்தது. காலுக்கடியில் சரசரவென்று ஒரு சத்தம்.

கேரி பையின் முடிச்சை அவிழ்க்கிற சத்தம்.

மேட்டின் அடிவாரத்தில் பால் கவர்கள் தனியாக, பாட்டில்கள் தனியாகக் கிடந்தன.

“நீயாடா பிரிச்ச?”

“இல்லண்ணே,” என்று கிசுகிசுத்தான் அங்கமுத்து. “அவதான். மேல கெடக்கறத எல்லாம் பிரிச்சுட்டா வெளிய வந்துருவாண்ணே.”

அன்றிலிருந்து வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். “பிரிச்சுப் போடுங்கம்மா, எங்க வூட்டுக்காரி அடியில கெடக்கா.” பைத்தியம் என்றார்கள். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு, மாடியிலிருந்து வழக்கம்போல் ஒரே பையாக வீசினாள். மேட்டுக்கு அடியில் செல்லக்கண்ணு ஒரு பையைப் பிரிப்பதற்குள் மேலே ஒரு லோடு விழுந்தது. கொட்டாமல் நான் எங்கே கொண்டுபோவேன்?

ஒரு மத்தியானம் சத்தம் நின்றது.

உள்ளேயிருந்து சோர்ந்த குரல் வந்தது. “வரேன்னியே... கை ஓஞ்சு போச்சு.”

“போகாதடா!” மேட்டில் ஏறப்போன அங்கமுத்துவின் சட்டையைப் பிடித்தேன். கிழிந்த துணிதான் கையில் நின்றது.

“தனியா எவ்வளவுதான் பிரிப்பாண்ணே,” என்றான் அங்கமுத்து.

அவன் கால் வைத்த இடத்தில் மேடு திறந்தது.

மூடிக்கொண்டது.

மறுபடி பொக்லைன் வந்தது, தோண்டியது, போனது. “நிக்காதய்யா, கொட்டு,” என்றார் மேஸ்திரி. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அழுதுகொண்டே டிராக்டர் பெட்டியைத் தூக்கினேன்.

லோடு சரிந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஹாரன்கள் அடங்கின. பைகளுக்கு அடியில் முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டிருந்தன.

இரண்டு இடத்தில்.